கோழிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

1941 பிப்ரவரி முடியும்போது சவேரியார்பட்டி உபதேசியார் மரிய ஜோசப் தம் கையால் வரைந்திருந்த வம்சக்கொடிகள் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் முந்நூற்றுப் பதினொன்று மனிதர்களுடையவை. மீதி ஒன்று இறைச்சி தின்னும் டைனோசர்களுடையது. ஆனால் தாள்களை எண்ணினால் முந்நூற்றுப் பதினொன்றுதான் வரும். ஒரு தாளில் மட்டும் இரண்டு குடும்பங்கள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன. அதனால் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது. கல்யாணம் அவருடைய சொந்த மகளுடையது.

சவேரியார்பட்டி உத்தமபாளையத்திலிருந்து மேற்கே நான்கு மைல். நூற்றுப் பத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள், ஒரு கோயில், நெல்வயல், அதற்குப் பின்னால் மலை. பங்குச் சாமியாருக்கு எட்டு ஊர்களைக் கவனிக்க வேண்டும். ஆகவே பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பதும், ஞானஸ்நானம், விவாகம், சாவு மூன்றையும் பதிவேட்டில் ஏற்றுவதும் உபதேசியார் தலையில் விழுந்தன. வம்சக்கொடி வரைவது அந்த வேலையில் ஒரு துண்டுதான். பேர் வாங்கிக் கொடுத்தது என்னவோ அந்தத் துண்டு.

இந்த ஜனங்களுக்கு மாமன் மகளைக் கட்டுவது முறை. திருச்சபைச் சட்டமோ, பையனும் பெண்ணும் மூன்று தலைமுறைக்குள் ஒரே மூதாதையிடம் போய்ச் சேர்ந்தால், ஆயர் அனுமதி இல்லாமல் தாலி ஏறக்கூடாது என்றது. அனுமதி கேட்கும் விண்ணப்பத்தோடு ஒரு முழுத்தாளில் வம்சக்கொடி போக வேண்டும். மேலே மூதாதை; அவரிடமிருந்து கீழே இறங்கும் இரண்டு கால்கள்; ஒரு காலின் அடியில் மாப்பிள்ளை, மறு காலின் அடியில் பெண். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். பார்க்கக் கவட்டைக் கம்பு மாதிரி இருக்கும். ஊரில் அதற்குப் பெயரே கவட்டைதான். "ஒபதேசியாரே, நம்ம பயலுக்குக் கவட்டை போட்டாச்சா?" என்று வரப்பில் நின்றபடியே கேட்பார்கள்.

இருபத்தெட்டு வருஷம் இதையே செய்த மனிதருக்கு உலகம் வேறு மாதிரித் தெரியத் தொடங்கிவிடுகிறது. சந்தையில் இரண்டு பேர் கட்டிப் புரண்டால், யார் பக்கம் நியாயம் என்று மரிய ஜோசப் பார்க்க மாட்டார். எத்தனையாவது தலைமுறையில் இந்த இரண்டு பேரும் ஒன்று சேர்கிறார்கள் என்று விரல் மடக்குவார். சேர்ந்துவிட்டால் முகத்தில் ஒரு திருப்தி வரும். சண்டை அதன் பாட்டுக்கு நடக்கும்.

அவருடைய சொந்தக் கொடி மட்டும் ஒற்றைப் படியோடு நின்றது. அம்மா அந்தோணியம்மாள், அவர் ஒரு வயதுப் பிள்ளையாக இருக்கும்போது இறந்துபோனாள். அப்பா கண்டிக்குப் போனவர் திரும்பவில்லை. பிள்ளையை வளர்த்தது சாமியார் வீட்டுச் சமையல்கட்டு. அம்மாவின் விவாகப் பதிவு இருந்த பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அந்தோணியம்மாளுக்கு மேலே யார், பக்கத்தில் யார் என்று சொல்ல ஆள் இல்லை.

"ஊருச் சனத்துக்கெல்லாம் ஏழு தலைமுறை சொல்லுவாக. தனக்குன்னு வந்தா ஆத்தாளோட வண்டி நின்னுரும்" என்பாள் அவர் மனைவி ஆரோக்கியம்மாள்.

டைனோசர்கள் இந்த வீட்டுக்குள் வந்தது 1938-ல். ஊரில் இருந்த பிரெஞ்சுச் சாமியார் மாற்றலாகிப் போகும்போது ஒரு பெட்டிப் புத்தகத்தை விட்டுச் சென்றார். அதில் ஒன்று, அழிந்துபோன மிருகங்களைப் பற்றிய இங்கிலீஷ்ப் படப்புத்தகம். பதிவேடு எழுதுவதற்கென்று கற்ற லத்தீனையும் இங்கிலீஷையும் கூட்டி வைத்து, ஒரு மழைக்காலம் முழுக்க அவர் அதைப் படித்தார். இரண்டு காலில் நடந்து இறைச்சி தின்றவர்களில் இரண்டு வகையறா உண்டு என்றது புத்தகம். தலை பெருத்த கனத்த உடம்புக்காரர்கள் ஒரு வகையறா; மெகலோசாரஸ் அதில் மூத்தவர். எலும்புக்குள் காற்றோட்டம் வைத்துக்கொண்டு ஓடித் திரிந்த சின்ன உடம்புக்காரர்கள் இன்னொரு வகையறா. காம்சோக்னாதஸ் என்பவர் கோழி அளவுதான். ஜபல்பூர்ப் பக்கம் இவர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்றும் போட்டிருந்தது.

எல்லாம் சொன்ன புத்தகம் ஒரு வம்சக்கொடி போடாமல் விட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மரிய ஜோசப்பின் கை சம்மதிக்கவில்லை. ஒரு முழுத்தாள் எடுத்தார். மேலே மூதாதை, கீழே இரண்டு கால்கள், அதிலிருந்து கிளைகள். முதலையைத் தள்ளி நிறுத்தினாலும் சொந்தம் என்று ஒப்புக்கொண்டார். உடும்பைத் தாமாகவே மெகலோசாரஸுக்குப் பக்கத்தில் போட்டார். இறைச்சி தின்கிறது, நாக்கை நீட்டுகிறது, வேறென்ன வேண்டும் என்பது அவர் கட்சி. கோழியை மட்டும் எந்தக் காலிலும் சேர்க்க முடியாமல் ஓரத்தில் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். தாளைப் பசை போட்டுச் சுவரில் ஒட்டினார்.

பக்கத்துத் தோட்டக்காரர் சுருளிவேல் ஒரு நாள் அதன் முன் வந்து நின்றார்.

"இது யாரு வீட்டுக் கவட்டை? பேரெல்லாம் வெள்ளக்காரப் பேரா இருக்கு."

"மனுசன் இல்ல சுருளிவேலு. ராட்சதப் பல்லிக. ஆறு கோடி வருசத்துக்கு முந்தி இருந்துச்சுக."

"இதுகளுக்குள்ள குடுத்து வாங்குறது உண்டா?"

"பெரிய வகையறாவும் சின்ன வகையறாவும் பிரிஞ்சு ரொம்ப நாளாச்சு. கெடையாது."

"பாத்தியா, பங்காளிச் சண்டைதான் அழிச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சுருளிவேல் தண்ணீர் பாய்ச்சப் போனார்.

கோழியின் கேள்விக்குறிக்குக் காரணம் ஒரு எலும்பு. கோழிக்குக் கழுத்தடியில் கவட்டை மாதிரி ஒரு மெல்லிய எலும்பு உண்டு. கால், இடுப்பு, விரல் எல்லாவற்றிலும் பறவைகள் அந்தச் சின்ன வகையறாவையே உரித்து வைத்திருக்கின்றன; ஆனால் டைனோசர்களுக்கு அந்தக் கவட்டை எலும்பே கிடையாது, ஆகவே பறவைகள் இவர்கள் பிள்ளைகளாக இருக்க முடியாது என்பது அந்தக் கால ஐரோப்பிய அறிஞர்களின் முடிவு. மூதாதையிடம் இல்லாமல் போன எலும்பு பேரனிடம் எப்படித் திரும்பி வரும்? பதிவில் இல்லாததை ஏற்றக்கூடாது என்று வளர்ந்த உபதேசியாருக்கு இது நியாயமாகவே பட்டது.

இந்த நிலையில்தான் மகள் ஞானப்பூவுக்குச் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளை இருதயம் தேனியில் லாரி டிரைவர். அம்மா வியாகுலமேரி, அப்பா இல்லை. சண்டைக் காலம், பட்டாளத்து லாரிப் பிரிவில் இருதயத்தை எடுத்துவிட்டார்கள். மார்ச் முதல் தேதி பெங்களூரில் நிற்க வேண்டும். பிப்ரவரி 26 விபூதிப் புதன். அன்று தொடங்கும் தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ஆகவே 24, திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள். அதைத் தாண்டினால், பட்டாளத்திலிருந்து இருதயம் எப்போது வருவான், வருவானா என்று யாரும் சொல்வதற்கில்லை. ஞானப்பூ காலண்டரை அடுப்பங்கரைச் சுவருக்கு மாற்றிக்கொண்டாள்.

கோயிலுக்குக் கொடுக்கும் விவாகத் தாளில், பெண்ணும் மாப்பிள்ளையும் உறவா என்ற கட்டத்தில், "உறவு எதுவும் இல்லை" என்று எழுதி மரிய ஜோசப் கையெழுத்துப் போட்டார். மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். பிப்ரவரி 2-ல் முதல் ஓலை, 9-ல் இரண்டாம் ஓலை. யாரும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாம் ஓலை அன்று மத்தியானம் வீட்டில் கோழிக் குழம்பு. மரிய ஜோசப் தட்டைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"என்னத்தத் தேடுறீக?" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"அந்தக் கவட்டை எலும்பு. ஞானப்பூகிட்டக் காட்டலாம்னு பாத்தேன். இதுல காணோமே."

"அது இல்லாம ஒரு கோழி உண்டா? நாந்தானே வெட்டுனேன். ஈர்க்குச்சி கனம், கொதியில ஒடஞ்சு சட்டிக்குள்ள எங்கனயாச்சும் கெடக்கும்."

உபதேசியார் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்தார்.

"ஆரோக்கியம், அவுக தப்புப் பண்ணிட்டாக."

"எவுக?"

"புத்தகத்துல எழுதுனவுக. ஒரு மணி நேரம் அடுப்புல கெடந்ததுக்கே அந்த எலும்பு காணாமப் போகுது. கோடிக்கணக்கான வருசம் மண்ணுக்குள்ள கெடந்தா? கெடைக்கலேன்னு தானே சொல்லணும்? இல்லவே இல்லேன்னு எப்படிச் சொல்லலாம்?"

ஆரோக்கியம்மாள் குழம்பை ஊற்றிக்கொண்டே, சுவரைப் பார்க்காமலே சொன்னாள்: "அதத்தான் நானும் கேக்குறேன். ஒங்க ஆத்தாளோட பொறந்தவுக யாருமில்லேன்னு எப்படிக் கையெழுத்துப் போட்டீக? தாளைத்தானே கரையான் தின்னுச்சு. ஆளையுமா தின்னுச்சு?"

ஞானப்பூ சிரித்தாள். அப்புறம் அப்பா முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் தேனிக்குப் போனார். தேனிப் பக்கத்துப் பங்கில், தாது வருஷப் பஞ்சத்தில் சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் கஞ்சித்தொட்டிக்கு வந்து ஞானஸ்நானம் பெற்றவர்களின் பழைய பதிவேடு ஒன்று இருந்தது. நாலு மணி நேரம் புரட்டிய பிறகு 1877-ல் ஒரு வரி கிடைத்தது. சவரிமுத்துவின் மக்கள்: சந்தியாகம்மாள், வயது ஒன்பது, அந்தோணியம்மாள், வயது ஏழு.

சந்தியாகம்மாள் என்ற பெயர் அவருக்குத் தெரியும். இரண்டு வாரம் முன்பு மாப்பிள்ளை பக்கத்துக் குறிப்பில் அவரே எழுதியது. வியாகுலமேரியின் தாயார்.

நேரே வியாகுலமேரி வீட்டுக்குப் போனார். சம்பந்தி இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றதில் அவள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஒங்க ஆத்தாளுக்குக் கூடப் பொறந்தவுக யாரும் உண்டாம்மா?"

"ஒரு தங்கச்சி இருந்தா. ஒங்க ஊருலதான் கட்டிக் குடுத்திருந்தாக. சின்ன வயசுலயே செத்துப் போயிட்டா. அப்ப எங்க ஆத்தா ஏலக்காய்த் தோட்டத்துல, மலை மேல. எறங்கி வந்து கேட்டா, பயலத் தூக்கிக்கிட்டு அப்பன் கண்டிக்குப் போயிட்டான்னு சொன்னாகளாம். சாகுற வரைக்கும் கண்டிக்குப் போன பய, கண்டிக்குப் போன பயன்னு சொல்லிக்கிட்டே கெடந்தா."

"அந்தப் பய கண்டிக்குப் போகல" என்றார் மரிய ஜோசப்.

வியாகுலமேரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை முடிந்து அவள் சொன்ன முதல் வார்த்தை: "அப்பன்னா நீங்க எனக்கு அண்ணன்ல? எம் மகனுக்குத் தாய்மாமன் செய்யவேண்டிய மொறை இருவத்தஞ்சு வருசமா நிக்குது, தெரியும்ல?"

இரண்டு வாரத்துக்கு முன் வாயால் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது அன்றே முடிந்திருக்கும். ஆனால் பதிவேட்டில் இல்லாததை வாயால் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

செய்தி ஊருக்கு வந்தபோது எல்லாருக்கும் சந்தோஷம். அக்காள் தங்கை பிள்ளைகள் அண்ணன் தங்கை. ஆகவே ஞானப்பூ இருதயத்துக்குச் சொந்த மாமன் மகள். சொந்தத்தை விட்டு அசலில் கொடுக்கிறார்களே என்று முணுமுணுத்தவர்கள்கூட, "மொறை அச்சடிச்ச மாதிரி வருது" என்றார்கள். பங்குச் சாமியார் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். சவரிமுத்துவிலிருந்து இரண்டு பக்கமும் சரியாக மூன்று தலைமுறை. ஆயர் அனுமதி வேண்டும். பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

"மூன்றாம் ஓலையை வாசித்துவிடுகிறேன். காகிதம் வராமல் தாலி கிடையாது. உம்முடைய மகளாக இருந்தாலும்" என்றார் சாமியார்.

"என் மகளா இருக்கறதுனாலதான் சாமி இந்தச் சிக்கலே" என்றார் மரிய ஜோசப்.

அன்று இரவே எழுத உட்கார்ந்தார். முழுத்தாள் இல்லை. சண்டை தொடங்கியதிலிருந்து உத்தமபாளையம் கடைகளில் நல்ல காகிதம் வருவதே அரிது. வீட்டில் இருந்த ஒரே முழுத்தாள் சுவரில் ஒட்டியிருந்தது. நீர் தெளித்துப் பதமாக உரித்து, அடுப்புச் சூட்டில் காயவைத்து, வெறும் முதுகுப் பக்கத்தில் தம் சொந்தக் கவட்டையை வரைந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம் பெயருக்கு ஒரு கட்டம், அதற்கு மேலே அம்மாவுக்கு ஒரு வட்டம், அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம்.  விண்ணப்பத்தை அதன்மேல் வைத்துக் குண்டூசி குத்தி, மடித்து, புதன்கிழமைத் தபாலில் சேர்த்தார்.

விண்ணப்பம் மறைத்துக்கொண்டிருந்தது மனிதர்கள் பக்கத்தை. விரித்தவுடன் கண்ணில் படுவது மறுபக்கம். அது அவருக்குத் தோன்றவே இல்லை.

20-ஆம் தேதி, வியாழக்கிழமை, ஆயர் இல்லத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. ஞானப்பூதான் வாங்கி வாசித்தாள்.

"தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. வம்சக்கொடியில் கண்டுள்ள மெகலோசாரஸ், செரட்டோசாரஸ், காம்சோக்னாதஸ் ஆகிய ஞானஸ்நானப் பெயர்கள் அர்ச்சியசிஷ்டர்களின் வரிசையில் காணப்படவில்லை. மேலும் ஆண் யார், பெண் யார் என்று குறிக்கப்படவில்லை. கோழி என்பவர் எந்த வழியில் வந்தவர் என்பதும் கேள்விக்குறியாக உள்ளது. தக்க விளக்கம் வரும் வரை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது."

புதிதாக வேலைக்கு வந்த குமாஸ்தாவைக் குறை சொல்ல முடியாது. லத்தீன் பெயர்களிலேயே புழங்கும் ஆபீஸில், 'அஸ்' என்று முடியும் பெயரைப் பார்த்தால் அர்ச்சியசிஷ்டரான புனிதர் நினைவுதான் வரும்.

"அய்யா," என்றாள் ஞானப்பூ, "எம் பேரக் கோழின்னு எழுதியா அனுப்புனீக?"

ஆரோக்கியம்மாள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததுதான் மரிய ஜோசப்பை எழுப்பி நிறுத்தியது. பதில் எழுதித் தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வராது. வெள்ளிக்கிழமை விடியுமுன் வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். தேனியில் போடி ரயிலைப் பிடித்து, சாயங்காலம் மூன்றரைக்கு ஆயர் இல்லத்துச் செயலர் சாமியார் முன்னால் நின்றார்.

செயலர் வயதானவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். கோப்பிலிருந்து தாளை எடுத்து, குண்டூசியைப் பிடுங்கி, மறுபக்கம் திருப்பினார். சவரிமுத்துவிலிருந்து விரலை இரண்டு காலிலும் இறக்கிக்கொண்டே வந்தார்.

"இதில் எந்தக் குறையும் இல்லையே. மூன்றாம் தலைமுறை, சுத்தமாக இருக்கிறது." திரும்பவும் தாளைப் புரட்டினார். "இது யார்?"

மரிய ஜோசப் சொன்னார். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தார். பெரிய வகையறாவில் தொடங்கி, சின்ன வகையறா, முதலை, குழம்புச் சட்டி என்று அரை மணி நேரம் ஆனது. குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டான்.

"ஆக, எலும்பு கிடைக்கவில்லை என்பது எலும்பு இல்லை என்று ஆகாது என்கிறீர்."

"ஆகாது சாமி. நானே அந்தத் தப்பப் பண்ணிட்டுத்தான் இங்கன வந்து நிக்கிறேன்."

"இந்த டைரனோசாரஸ்?"

"புத்தகம் பெரிய வகையறாங்குது. ஆளு பெருசா இருக்கறதுனாலயே அங்கன சேத்துட்டாகளோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

இந்த இடத்தில் அவருக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிட வேண்டும். பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் கவட்டை எலும்பு டைனோசர்களிடம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தது. சிலவற்றில் முன்பே தோண்டி எடுத்து, இன்னதென்று தெரியாமல் வேறு எலும்பாகப் பதிந்து வைத்திருந்தார்கள். கோழி இப்போது சின்ன வகையறாவின் நேர் வாரிசு. டைரனோசாரஸும் அந்தப் பக்கத்துக்கே மாறிவிட்டது. உடும்பை அவர் போட்ட இடம் அன்றும் தப்பு, இன்றும் தப்பு.

செயலர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

"சாமி, அந்தத் தாளு..." என்று இழுத்தார் மரிய ஜோசப். "இந்தப் பக்கத்த நான் நகல் எடுத்து வச்சுக்கலாமா?"

"நகல் எடுத்துக்கொள்ளும். தாள் கோப்பில் இருக்க வேண்டியது. இரண்டு குடும்பமும் இங்கேயே இருக்கட்டும்."

நகல் எடுக்கக் குமாஸ்தா ஒரு பழைய உறையைப் பிரித்துக் கொடுத்தான். பொழுது சாயும் வரை உட்கார்ந்து எழுதினார். ரயிலில் ஏறிய பிறகு உறையைப் பிரித்து, பென்சிலால் கோழியிலிருந்து சின்ன வகையறாவுக்கு ஒரு கோடு இழுத்தார். கேள்விக்குறியை அழிக்கவில்லை; பதிவு கிடைக்காமல் அவர் எதையும் அழிப்பவர் அல்ல.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வீடு சேர்ந்தபோது பந்தல்கால் நட்டிருந்தது. தங்கை என்ற உரிமையில் வியாகுலமேரி இரண்டு நாள் முன்னதாகவே வந்து இறங்கி, அண்ணன் வீட்டு அடுப்பில் உப்பு போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுருளிவேல் வாழைக்குலையோடு வந்தார். சுவரில் பசை உரிந்த வெறும் இடத்தைப் பார்த்து, "அந்தப் பல்லிக வீட்டுக்காரவுகளும் வர்றாகளா?" என்று கேட்டார்.

"வர்றாக," என்றாள் ஆரோக்கியம்மாள், "இருவது பேரு. நாளைக்குத்தான் வெட்டணும்."

24-ஆம் தேதி காலை ஏழு மணிப் பூசையில் தாலி ஏறியது. விவாகப் பதிவேட்டில் மரிய ஜோசப் தம் கையாலேயே வரியை எழுதி, உறவு என்ற கட்டத்தில் "மூன்றாம் தலைமுறை, அனுமதி பெற்றது" என்று நிரப்பினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருதயம் தேனியில் ரயிலேறினான்; மறுநாள், மார்ச் முதல் தேதி, பெங்களூரில் ஆஜர் கொடுத்தான்.